வடகடலும் தென்கடலும்

பாம்பனிலும் மண்டபத்திலும் மீனவர்கள் தங்கள் கடலை வடகடல், தென்கடல் என்று பிரித்தே பேசுவார்கள். வடக்கே கிடப்பது பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. நடுவில் ராமேஸ்வரம் தீவும், அங்கிருந்து தலைமன்னார் வரை நீளும் மணல் திட்டுகளும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் முறை மாறும். ஒரு கடலில் தொழில் இல்லாத காலத்தில் மற்றது சோறு போட்டதால்தான் இந்தக் கரையில் ஆண்டு முழுவதும் மீன்பிடி நடந்தது. இவ்வளவு வளமும், இவ்வளவு சேதமும், பின்னர் இவ்வளவு சீரமைப்பு முயற்சியும் ஒரே இடத்தில் கூடிய கடல் இந்தியாவில் அரிது.

இரண்டும் அண்டைக் கடல்களே தவிர ஒரே குணமுள்ளவை அல்ல. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. பெரும்பகுதி பத்து மீட்டர்கூட இருக்காது. அலை சிறிது, அடியில் சேறும் மணலும். வெயில் அடிவரை இறங்குவதால் அங்கே கடல்புல் செழித்துப் பரந்திருக்கிறது. மீனவர்கள் இதைத் தாழை என்பார்கள். பாசியைப் போல் தோன்றினாலும் இது பாசி அல்ல. வேரும் தண்டும் பூவும் விதையும் உள்ள தாவரம். நிலத்துப் புல்லைப் போலவே அடிமண்ணைப் பற்றிக்கொண்டு வளர்கிறது, நீரில் மிதந்து வரும் சேற்றைப் படியவைக்கிறது, இறால் குஞ்சுக்கும் நண்டுக் குஞ்சுக்கும் ஒளிந்து வளர இடம் தருகிறது. மன்னார் வளைகுடாவின் செல்வம் வேறு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். கடினப் பவளத்தில் மட்டும் 117 இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. தாவரங்கள், விலங்குகள் எல்லாம் சேர்த்து 3,600க்கும் மேற்பட்ட இனங்கள்.

தென்கடலின் பழைய புகழ் முத்து. பாண்டியர் காலம் தொட்டுப் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கரையை ஆண்ட ஒவ்வொருவரும் முத்துக்குளிப்பைத் தம் கைக்குள் வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சிப்பி விளையும் பார்களை அதிகாரிகள் அவ்வப்போது சோதித்துப் பார்ப்பார்கள். சிப்பி முற்றியிருந்தால் மட்டும் குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். இல்லையென்றால் ஆண்டுக்கணக்கில் பார் மூடிக்கிடக்கும். கடல்வளத்துக்கு வரம்பு வைப்பது நேற்று முளைத்த யோசனை அல்ல என்பதற்கு இது ஒரு சான்று. அந்த வரம்பு மீனவர் நலனுக்காக வைக்கப்பட்டதல்ல, கஜானாவுக்காக வைக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 1961க்குப் பிறகு இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பு மட்டும் தொடர்கிறது.

சேதம் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது பவளப்பாறைகளில். சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டுமான வேலைக்கும் தொழிற்சாலைகளுக்கும் பவளக்கல்லைக் கடப்பாறையால் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும் வேலை பல பத்தாண்டுகள் நடந்தது. தூத்துக்குடிப் பக்கம் இதை நம்பியே பல குடும்பங்கள் இருந்தன. பவளம் உயிருள்ள பூச்சிகளின் கூடு என்பதோ, அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரைதான் வளரும் என்பதோ அன்று யார் கணக்கிலும் இல்லை. பாறையை எடுத்தால் மீன் குறையும் என்பதோடு விளைவு நிற்கவில்லை. தீவுக்கு முன்னால் அலையை உடைக்கும் அரண் போய்விட்டதால் அலை நேரே மணலில் மோதியது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 21 தீவுகள் என்று இன்றும் எழுதுகிறோம். நீர்மட்டத்துக்கு மேலே எண்ணினால் 19தான்.

2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு கல்லைப்போல் தெரிகிற ஓர் உயிருக்கும் கிடைத்தது. அதற்குப் பிறகு பவளம் வெட்டுபவர்கள்மேல் நெருக்குதல் கூடியது. 2004 சுனாமிக்குப் பின் கரையோர மக்களிடமே பாறை என்பது அரண் என்ற எண்ணம் பரவியது. பவளம் வெட்டுவது அநேகமாக நின்றுபோனது. பலன் அளவிலேயே தெரிந்தது. 2005 வாக்கில் உயிருள்ள பவளம் பாறைப்பரப்பில் சுமார் 37 சதவீதம் இருந்தது. 2009இல் அது 43 சதவீதத்தை எட்டியது. நட்டு வளர்த்ததால் மட்டும் வந்த உயர்வல்ல இது. அழிப்பது நின்றதும் கடல் தானே ஈடு செய்துகொண்ட பங்குதான் இதில் பெரிது.

கடலடிக்கு நேர்ந்த இரண்டாவது சேதம் இவ்வளவு எளிதில் நிற்கவில்லை. அது மடிவலை. 1960களிலிருந்து இறால் ஏற்றுமதி சூடுபிடித்தபோது, அரசே மானியம் கொடுத்து விசைப்படகுகளை ஊக்குவித்தது. மடிவலை வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் பிரச்சினை விளங்கும். பை போன்ற நீண்ட வலை. அதன் வாயை இருபுறமும் விரித்துப் பிடிக்கக் கனமான இரண்டு பலகைகள். வாயின் அடிக்கயிற்றில் இரும்புச் சங்கிலி. படகு முன்னே போகப்போக, பலகையும் சங்கிலியும் தரையை உரசிக்கொண்டே வரும். சேற்றில் புதைந்திருக்கும் இறால் அதிர்ச்சியில் மேலே துள்ளும், மடிக்குள் விழும். இறாலோடு கடல்புல்லும் வேரோடு வரும். குட்டி மீன், குட்டி நண்டு, சிப்பி, கடல்குதிரை எல்லாம் வரும். விலை போகாத இந்தக் கலவைக்கு ராமேஸ்வரத்தில் சங்காயம் என்று பெயர். அது காய்ந்து கோழித்தீவன ஆலைக்குப் போகிறது. அடுத்த ஆண்டு நல்ல விலைக்கு விற்றிருக்கவேண்டிய மீன் இந்த ஆண்டு தீவன விலைக்குப் போகிறது என்பதுதான் சங்காயத்தின் பொருளாதாரம்.

ஆழமில்லாத பாக் விரிகுடாவில் இந்த வலை தொடாத இடம் என்று அதிகம் இல்லை. நாட்டுப்படகு மீனவர்களின் வலைகளையும் மடி அறுத்துக்கொண்டு போனதால் கரையிலேயே சண்டைகள் மூண்டன. அந்தச் சண்டைகளில் பிறந்ததுதான் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மீதி நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்குள், விசைப்படகு இழுவை வலை போடக்கூடாது என்பது அதன் முக்கிய விதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் இன்று நடைமுறையில் இருக்கிறது. தடைக்காலம் கறாராக நடக்கிறது. மூன்று கடல்மைல் விதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வேறு சேதங்களும் உண்டு. 1990களில் கிழக்குக் கரை நெடுக இறால் பண்ணைகள் முளைத்து, கழிவுநீரைக் கழிமுகங்களில் விட்டன. நிலத்தடி நீர் உப்பாயிற்று. நாகப்பட்டினம் பகுதியில் நிலமற்றோர் உரிமைக்காகப் பாடுபட்டுவந்த ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. தூத்துக்குடியில் ஆலைக் கழிவு, அனல்மின் நிலையச் சாம்பல், நகரச் சாக்கடை எல்லாம் பாறைகளுக்கு அருகிலேயே கடலில் கலந்துவந்தன.

பாதுகாப்பு என்ற பெயரில் அரசு முதலில் செய்தது எல்லை வரைவது. 1986இல் 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் சேர்ந்து 560 சதுர கிலோமீட்டர் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம் கிடைத்தது. தேசியப் பூங்கா என்பது காட்டுக்காக எழுதப்பட்ட சட்டம். உள்ளே மனிதருக்கு வேலை இல்லை என்பது அதன் அடிப்படை. காட்டில் அதை வேலி போட்டு ஓரளவு நடத்திவிடலாம். தினமும் ஆயிரக்கணக்கானோர் தொழிலுக்குப் போகிற கடலில் அது யார்மேல் விழும்?

விழுந்தது பாசி எடுக்கும் பெண்கள்மேல். பாம்பன் சின்னப்பாலம், ராமேஸ்வரம், ஏர்வாடிப் பக்கத்து மீனவப் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றி முழுகிப் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்களிடம் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பாறை கீறாமல் இருக்க விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொள்வார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு, சேலைக்குமேல் ஒரு சட்டை, இடுப்பில் வலைப்பை. மூச்சடக்கி இறங்கிப் பறித்து மேலே வருவதை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை செய்வார்கள். இந்தப் பாசியிலிருந்து எடுக்கும் அகார், ஆல்ஜினேட் ஆகியவை ஐஸ்கிரீமிலும் மருந்திலும் துணிச்சாயத் தொழிலிலும் சேர்கின்றன. பூங்கா விதிகள் இறுகியதும் இவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள். படகு பறிமுதல், அபராதம், வசைச்சொல் எல்லாம் வந்தது.

அவர்கள் பதிலுக்குச் செய்தது கவனிக்கத்தக்கது. ஊர் ஊராகச் சங்கம் சேர்ந்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது, இரும்புச் சுரண்டியைத் தொடாமல் கையால் மட்டும் பறிப்பது, தடைக்காலத்தில் பாசி வளர விட்டு ஒதுங்குவது என்று தாங்களே கட்டுப்பாடு வகுத்து, அதை வைத்து அதிகாரிகளிடம் பேசினார்கள். அந்தப் பெண்களின் தலைவியான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் ஆண்டு விருதை வழங்கியது. பூங்கா அதிகாரிகள் பல ஆண்டுகளில் எழுதிய விதிகளைவிட இந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மூன்று விதிகள் பாறைக்கு நன்மை செய்திருக்கக்கூடும். மீறுபவரைப் பார்த்துத் தடுக்கப் பக்கத்திலேயே ஆள் உண்டு என்பது அவற்றின் பலம்.

அரசுத் தரப்பிலும் பாடம் கற்றுக்கொள்ளப்பட்டது. 2000இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை அமைந்தது. உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பணம் தந்தன. கரையோர ஊர்களில் கடல் பாதுகாப்புக் குழுக்களை உருவாக்கி, சுழல்நிதி கொடுத்து, கந்துவட்டியிலிருந்தும் பூங்காவைச் சார்ந்த தொழிலிலிருந்தும் குடும்பங்களை மெல்ல விலக்குவது நோக்கம். இத்தகைய மாற்றுத் தொழில் திட்டங்களில் தையலும் ஆடு வளர்ப்பும் தவறாமல் இருக்கும். கடலில் கற்ற திறமை எதுவும் பயன்படாத வேலையைக் கொடுத்துவிட்டு, மீனவர் ஏன் திரும்பக் கடலுக்கே போகிறார் என்று அறிக்கைகள் வியப்பதும் உண்டு.

சீரமைப்பு வேலைகளில் தென்கடலில் முக்கியமானது பவளம் நடுவது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2000களின் தொடக்கத்திலிருந்து இதைச் செய்துவருகிறது. விரைவாக வளரும் மான்கொம்பு வகைப் பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்துச் சிமெண்ட் சட்டங்களில் கட்டி, சேதமடைந்த இடங்களில் இறக்குவார்கள். துண்டு சட்டத்தைப் பற்றிக்கொண்டு வளர்ந்ததும் மீன் வந்து சேரும். அதே நிறுவனம் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவில் செய்தது இன்னும் பெரிய வேலை. பவளம் வெட்டியதால் அரிக்கப்பட்டு, அத்தீவு முழுக மிச்சம் சொற்பமே என்ற நிலைக்குப் போயிருந்தது. 2015 முதல் அதற்கு முன்னால் கடலடியில், துளைகளுள்ள கான்கிரீட் கட்டுமானங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. துளைகளில் மீன் தங்குகிறது, மேலே பவளம் ஒட்டி வளர்கிறது. கரைந்துகொண்டிருந்த தீவில் மணல் மறுபடி சேரத் தொடங்கியது. இதே முறையைப் பக்கத்திலுள்ள கரியாச்சல்லி தீவுக்கும் கொண்டுபோகும் வேலை, உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் கடலோர மீட்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

இந்த வேலைக்கு ஓர் எல்லை உண்டு. கடல்நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தால், பவளப்பூச்சி தன் உடலில் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் உணவும் தந்தது அந்தப் பாசிதான். பவளம் வெளுக்கும், வெப்பம் தணியாவிட்டால் சாகும். 1998, 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. 2016இல் மட்டும் உயிருள்ள பவளம் சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்குச் சரிந்தது. 2005 முதல் 2009 வரை சேர்ந்ததைவிட அதிகம் ஒரே கோடையில் போயிற்று. 2024 கோடையில் மறுபடி வெளுத்தது. உலகம் விடும் கரியமிலவாயுவைத் தூத்துக்குடியில் உட்கார்ந்து யாரும் குறைத்துவிட முடியாது. ஆனால் சாக்கடையும் சேறும் படியாத பாறை வெப்பத்துக்குப் பிறகு விரைவாகத் தேறுகிறது. உள்ளூரில் செய்யக்கூடியது அது.

வடகடலின் வடக்கு முனையில், முத்துப்பேட்டையில், அலையாத்திக் காடு. இங்கும் பிச்சாவரத்திலும் நடந்த சீரமைப்பு, மண்ணைப் படித்துச் செய்த நல்ல வேலைக்கு எடுத்துக்காட்டு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து வனத்துறை இந்தக் காடுகளைக் கூறு கூறாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டி விறகுக்கு விற்றது. தானே முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. மரம் போனதும் வெயில் பட்டு மண்ணின் ஈரம் வற்றியது, தரை அமிழ்ந்து தொட்டிபோல் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியானது. உப்பு ஏறியது. அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம்தான்; அதற்கும் ஓர் அளவு உண்டு.

காடு அழிந்ததற்கு ஆடு மேய்ச்சலும் விறகு வெட்டும் ஊர்க்காரர்களும்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தரையின் மட்டத்தையும் உப்பளவையும் அளந்து, குற்றம் தேங்கிய தண்ணீரில் இருப்பதைக் காட்டியது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவத்தில் வெட்டினார்கள். தண்ணீர் நாளுக்கு இருமுறை வந்துபோகத் தொடங்கியதும் உப்பு கழுவிப்போனது. வெண்கண்டல் நாற்று பிடித்தது. வாய்க்காலைத் தூர்வாரிப் பார்த்துக்கொள்ள ஊர்க்குழுக்கள் அமைந்தன. வாய்க்காலில் கிடைத்த மீனும் நண்டும் அவர்களுக்கே. சுனாமியின்போது பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பியதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு, மண்ணைப் பார்க்காமல் கரையெல்லாம் நாற்று நட்டுப் படம் எடுக்கும் வழக்கமும் பரவியது. அவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின என்பதை யாரும் படம் எடுக்கவில்லை.

கடல்புல்லுக்கும் இப்போது நடவு உண்டு. தஞ்சைக் கரையில் ஓம்கார் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டி, அதில் தாழைத் தண்டுகளை முடிந்து கடலடியில் பதிக்கின்றன. வேர் பிடிக்கும்வரை சட்டம் தாங்கும். பிறகு மூங்கிலும் கயிறும் மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். செலவு குறைவு, பிளாஸ்டிக் இல்லை. மடிவலை வராத ஆழமற்ற இடத்தில் இது நன்றாகவே பிடிக்கிறது.

இந்தப் புல்லை நம்பி வாழ்கிற பெரிய பிராணி கடல்பசு. மீனவர் பேச்சில் ஆவுளியா. நாளொன்றுக்கு 40 கிலோவரை புல் மேயும். பாலூட்டி என்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தாகவேண்டும். வலையில் சிக்கினால் வர முடியாமல் மூச்சுத்திணறிச் சாகும். ஓராண்டுக்கும் மேல் சினை சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். கீழக்கரை, பெரியபட்டினம் பகுதியில் இதன் இறைச்சி வெளிப்படையாக விற்ற காலம் ஒன்று இருந்தது. இன்று நாடு முழுவதும் எஞ்சியிருப்பவை சுமார் 240 என்றும், அவற்றில் பெரும்பாலானவை பாக் விரிகுடாவில் என்றும் அரசின் மதிப்பீடு.

2022 செப்டம்பர் 21ஆம் தேதி, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம்வரை நீளும் இப்பகுதியில் சுமார் 12,250 ஹெக்டேர் கடல்புல் இருக்கிறது. இங்கே தேர்ந்தெடுத்த சட்டவகை முக்கியம். இது தேசியப் பூங்கா அல்ல. மீனவரின் உரிமையைத் தொடாத பாதுகாப்பகம். ஊராரோடு பேசி அறிவித்தது. அதற்கு முன்பே, 2016இலிருந்து, இந்திய வனஉயிரின நிறுவனம் மீனவர்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்திருந்தது. கடலில் ஆவுளியாவைப் பார்த்தவர் தகவல் தருவார். வலையில் சிக்கியதை உயிரோடு விட்டவருக்கு வனத்துறை பாராட்டும் பரிசும் தரும். விலையுள்ள வலையை அறுத்து அதை விடுவித்த மீனவர்கள் இந்தக் கரையில் பலர். 1986இன் எல்லைக்கோடு பாசிப் பெண்களை வெளியே நிறுத்தியது. 2022இன் எல்லைக்கோடு மீனவரை உள்ளே வைத்துப் போடப்பட்டது. இரண்டாவதே சரியான வழி என்பதில் சந்தேகம் இல்லை.

வருமானத்துக்கான முயற்சிகளில் நல்லதும் உண்டு, சறுக்கலும் உண்டு. கப்பாபைகஸ் என்ற பிலிப்பைன்ஸ் பாசியை மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்ப்பது 2000களில் மண்டபம் பக்கம் பரவியது. மூன்று மீட்டர் சதுரத் தெப்பம், 45 நாளில் அறுவடை. மகளிர் குழுக்கள் கையில் காசு பார்த்தன. ஆனால் வெளிநாட்டுப் பாசி கட்டியிருந்த இடத்தில் நிற்கவில்லை. குருசடைத் தீவின் பவளங்கள்மேல் அது படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரு பக்கம் பவளம் நட்டு, மறுபக்கம் அதை மூடும் பாசியையும் வளர்ப்பது முறையல்ல. உள்ளூர்ப் பாசி வகைகளைத் தெப்பத்துக்குப் பழக்கும் ஆராய்ச்சிக்குத்தான் முதலில் பணம் போகவேண்டும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இறால் குஞ்சுகளைப் பொரிக்கவைத்துப் பாக் விரிகுடாவில் விட்டுவருகிறது. தொண்டிக்கு அருகே காரங்காட்டில் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறார்கள். படகோட்டுவதும் சமைப்பதும் ஊர்க்காரர்கள். காடு இருந்தால்தான் ஆள் வரும் என்பதால் காட்டுக்குக் காவலும் அவர்களே.

இத்தனைக்குப் பிறகும் வடகடலின் மையப் பிரச்சினை அப்படியே நிற்கிறது. இந்தப் பக்கம் இறால் குறைந்ததும் தமிழகத்து இழுவைப் படகுகள் எல்லைக்கோட்டைத் தாண்டி இலங்கைப் பக்கம் போயின. போர்க்காலத்தில் வடஇலங்கை மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. 2009க்குப் பிறகு அவர்கள் கடன் வாங்கி வலை வாங்கித் தொழிலுக்கு வந்தபோது, அந்த வலையை அறுத்துக்கொண்டு போனது தமிழகத்து மடி. இலங்கை 2017இல் அடிமடி இழுவையைச் சட்டப்படி தடைசெய்தது. கைது, படகுப் பறிமுதல், துப்பாக்கிச்சூடு என்று செய்தி வராத மாதம் இல்லை. கைதாகும் இந்திய மீனவரின் குடும்பத் துயரம் இங்கே எழுதப்படுகிற அளவுக்கு, வலை இழந்த யாழ்ப்பாணத்து மீனவரின் துயரம் எழுதப்படுவதில்லை. இருவரும் ஒரே மொழி பேசுகிறவர்கள்.

இழுவையை விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவது என்று 2016 நவம்பரில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். 2017இல் ஒன்றிய அரசு ஒரு மாற்றுத் திட்டம் கொண்டுவந்தது: 2,000 இழுவைப் படகுகளை ஒப்படைத்துவிட்டு, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில் படகுகளுக்கு மாறுவது. படகின் விலை அப்போது 80 லட்சம். அதில் பாதி ஒன்றிய அரசின் மானியம், 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக்கடன், 10 சதவீதம் மீனவர். தாளில் தாராளமான திட்டம். ஆனால் மீனவர்கள் எதிர்பார்த்த எண்ணிக்கையில் வரவில்லை. ராமேஸ்வரத்துப் படகு காலையில் போய் மறுநாள் காலை திரும்பும். சூரைப் படகு வாரக்கணக்கில் கடலில் இருக்கவேண்டும். தூண்டில் தொழிலில் பழக்கமில்லை. டீசல், ஐஸ், ஆள்கூலி எல்லாம் பெருகும். அந்தப் பெரிய படகு நிற்க வடகடலில் ஆழமும் போதாது. நாகை, தூத்துக்குடி போன்ற துறைமுகங்களுக்குப் பெயரவேண்டும். முதலாளிக்கு இது முதலீட்டு மாற்றம். கூலிக்குப் போகிறவனுக்கு வாழ்க்கை மாற்றம். அவனுக்கென்று திட்டத்தில் அதிகம் இல்லை.

இதில் மாற்றவேண்டியது என்ன என்பது தெரியாத விஷயமல்ல. ஆழ்கடலுக்குப் போக விரும்பாதவரின் இழுவைப் படகை நியாய விலைக்கு அரசே வாங்கி உடைக்கலாம். அந்தப் படகின் கூலியாட்களுக்கு மாற்றுக்காலம் முழுவதும் மாத ஊதியம் தரலாம். சின்னப் படகில் தூண்டிலும் நண்டு வலையும் போட விரும்புகிறவருக்கு அதற்கே கடன் தரலாம். மூன்று கடல்மைல் விதியைத் தடைக்காலத்தைப் போலவே கறாராக நடத்தலாம். பாதுகாப்பகத்துக்கும் பவளத்துக்கும் கடல்புல்லுக்கும் இன்று கோடிக்கணக்கில் பணம் ஒதுக்கப்படுகிறது. எத்தனை ஹெக்டேர் நட்டோம் என்று எழுதும் ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும், பாக் விரிகுடாவில் அந்த ஆண்டு எத்தனை இழுவைப் படகுகள் குறைந்தன என்ற எண்ணையும் அரசு அச்சிடவேண்டும்.